புயலுக்காகக் காத்திருந்த யூனிட்: ‘ரயன்ஸ் டாட்டர்’ படப்பிடிப்புக் கதைகள்

வாசகர் ஒருவரின் கேள்வி:

“‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’, ‘டாக்டர் ஷிவாகோ’ எடுத்த டேவிட் லீன், அயர்லாந்தின் ஒரு மூலையில் நடக்கும் சின்னக் காதல் கதைக்குப் போய் ஏறத்தாழ ஓராண்டு படப்பிடிப்பு நடத்தினார். புயல் வரட்டும் என்று யூனிட்டையே உட்கார வைத்தார். நடிகர் தேர்வும் சொதப்பல். இந்தப் படத்தை இன்னும் தூக்கி வைத்துப் பேசுகிறீர்களே, அப்படி என்ன இருக்கிறது?”

ஜூன் 4, இரவு

இதில் இரண்டு குற்றச்சாட்டு இருக்கிறது. காத்திருந்தே காசைக் கரைத்தார் என்பது ஒன்று. ஆள் தேர்வு சரியில்லை என்பது இன்னொன்று. முதலாவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இரண்டாவதை ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்வேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1917. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிர்ரேரி என்ற கற்பனைக் கிராமம். அங்கே பப் நடத்தும் ரயனின் மகள் ரோஸி. மனைவியை இழந்த, தன்னைவிட மிக மூத்த பள்ளி ஆசிரியரை ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்கிறாள். அவள் கனவு கண்ட வாழ்க்கை அந்த வீட்டில் இல்லை. அந்த நேரத்தில், போர்முனையில் அடிபட்டுக் காலை இழுத்து நடக்கும் ஓர் ஆங்கிலேய மேஜர் அங்குள்ள முகாமுக்கு வந்து சேர்கிறான். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி நசுக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருக்கிறது. ஊரே ஆங்கிலேயச் சீருடையைக் கண்டால் காறித் துப்பும் காலம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் கதை அயர்லாந்தில் பிறக்கவில்லை. திரைக்கதை எழுதிய ராபர்ட் போல்ட், தன் மனைவி சாரா மைல்ஸ் நடிப்பதற்காக ‘மேடம் போவரி’ என்ற பிரெஞ்சு நாவலைத்தான் முதலில் திரைக்கதையாக்கினார். லீன் படித்துப் பார்த்துவிட்டு, இதை அப்படியே எடுப்பதில் எனக்கு ஆர்வமில்லை, வேறொரு களத்துக்கு மாற்றுங்கள் என்றார். ஆக, ஊர் எது, நாடு எது என்று தெரிவதற்கு முன்பே கதாநாயகி முடிவாகிவிட்டார். ரோஸியாக சாரா மைல்ஸ் சரியா என்ற கேள்வியே எழவில்லை. எழுந்திருந்தாலும் என் பதில் சரி என்பதுதான். அந்த முகத்தில் எப்போதும் ஒரு பசி தெரிகிறது. பாத்திரத்துக்கு வேண்டியது அதுதானே.

ஜூன் 5

சொதப்பல் என்றவர் ஆசிரியராக நடித்த ராபர்ட் மிட்சமை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

ஆசிரியர் ஷாக்நெஸி வேடத்துக்கு லீன் முதலில் நினைத்தது பால் ஸ்கோஃபீல்டை. நாடக ஒப்பந்தம் இருந்ததால் அவரால் வர முடியவில்லை. ஸ்கோஃபீல்ட் வந்திருந்தால் எல்லோரும் எதிர்பார்க்கும் ஓர் ஆசிரியர் கிடைத்திருப்பார்: ஒல்லி, அமைதி, அறிவுக்களை. லீன் கூப்பிட்டதோ மலை மாதிரி தோள் கொண்ட, ரவுடியாகவும் துப்பறிவாளராகவும் பார்த்துப் பழகிய ஹாலிவுட் ஆளை.

மிட்சமுக்கு வர மனமே இல்லை. அப்போது அவருக்கு வாழ்க்கை கசந்துபோயிருந்தது. போல்ட் தொலைபேசியில் வற்புறுத்தியபோது, தான் தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாராம். இந்தப் பாழாய்ப்போன படத்தை மட்டும் முடித்துக் கொடுங்கள், அடக்கச் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றாராம் போல்ட். பலரும் பலமுறை சொல்லிவிட்ட கதை. அப்படித்தான் மனிதர் அயர்லாந்துக்கு வந்தார்.

வந்து என்ன செய்தார் என்று பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒருவரைக்கூட அடிக்க முடியாதவராக நடிக்கிறார். பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போகும்போது மணலில் இரண்டு ஜோடிக் காலடித் தடங்களைப் பார்க்கிறார். ஒன்று பெண்ணுடையது. மற்றது ஒரு காலை இழுத்து நடக்கும் ஆணுடையது. தடத்தைப் பின்தொடரப் பின்தொடர, அவர் மனதில் ரோஸியும் மேஜரும் முழு அலங்காரத்தோடு கைகோத்து நடந்து போகிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். முகத்தில் எதையும் காட்டக்கூடாது. அந்தக் கட்டத்தில் மிட்சம் செய்வது ஒன்றுமே இல்லை, நடை மட்டும் கொஞ்சம் தளர்கிறது. ஒல்லியான ஒருவர் இதைச் செய்திருந்தால் நமக்குப் பரிதாபம் வந்திருக்கும். இவர் செய்யும்போது பயமே வருகிறது. இந்த மனிதர் வெடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறோம், அவர் வெடிக்கவே மாட்டேன் என்கிறார்.

லீனோடு வேலை செய்வது பல்குத்தும் குச்சிகளை வைத்துத் தாஜ்மகால் கட்டுவது போல என்பது மிட்சம் சொன்னதாகப் புகழ்பெற்ற வாசகம். கசப்பாகச் சொன்னது. ஆனாலும் குச்சி அடுக்கிக் கொடுத்தாரே.

ஜூன் 7

சரி, ஒத்துக்கொள்வேன் என்றேனே, அந்தப் பாத்திரம். மேஜர் டோரியன்.

எழுதப்பட்டது மார்லன் பிராண்டோவுக்காக. அவரும் ஒத்துக்கொண்டிருந்தார். அதற்குள் இத்தாலிய இயக்குநர் பொன்டெகோர்வோவின் ‘பர்ன்’ படப்பிடிப்பில் சிக்கல் மேல் சிக்கல், தேதி இழுத்துக்கொண்டே போனது. பிராண்டோ கழன்றுகொண்டார். வேடம் கிறிஸ்டோபர் ஜோன்ஸ் என்ற இளம் அமெரிக்க நடிகருக்குப் போனது.

லீன் இவரைத் தேர்ந்தெடுத்தது ‘த லுக்கிங் கிளாஸ் வார்’ என்ற படத்தைப் பார்த்துவிட்டு. அந்தப் படத்தில் ஜோன்ஸுக்கு வேறொருவர் குரல் கொடுத்திருந்தார், அது லீனுக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய குரலைக் கேட்டு இன்னொருவரை ஒப்பந்தம் செய்தாயிற்று. படப்பிடிப்புத் தொடங்கியதும் ஆங்கிலேய மேஜரின் உச்சரிப்பு வரவில்லை. வசனத்தை வெட்டினார்கள், மேலும் வெட்டினார்கள், கடைசியில் ஜூலியன் ஹாலோவே என்ற நடிகரை வைத்து மொத்தத்தையும் டப் செய்தார்கள். ஜோன்ஸுக்கும் சாரா மைல்ஸுக்கும் ஒத்தே போகவில்லை. ஊரே எரியக் காரணமான காதல் என்று கதை சொல்கிறது, இருவரும் சேர்ந்து நிற்கும் ஷாட்டுகளில் சூடு இல்லை.

குரல் மாற்றியது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. நம்மூரில் காலங்காலமாகக் கதாநாயகிக்கு யாரோதான் குரல் கொடுக்கிறார்கள், நாம் அழுதுகொண்டே பார்த்திருக்கிறோம். பிராண்டோவை நினைத்து எழுதிய வசனமற்ற இடைவெளிகள்தான் குறை. அந்த மௌனங்களை நிரப்பப் பிராண்டோவின் முகம் வேண்டும். ஆளை மாற்றினால் அந்தக் காட்சிகளைத் திரும்ப எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

இந்தப் படத்துக்குப் பிறகு ஜோன்ஸ் ஏறத்தாழ நடிப்பையே விட்டுவிட்டார். லீனுக்கு அதில் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம். தவறான தேர்வு என்று தெரிந்த பிறகு ஒரு நடிகரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் இயக்கத்தில் சேர்ந்ததுதான்.

ஜூன் 8

பாதிரியார் வேடத்தைப் பற்றி இரண்டு வரி. அதற்கு முதலில் கேட்டது அலெக் கின்னஸை. அவர் கத்தோலிக்கத்துக்கு மாறியவர். பாதிரியாரைச் சித்திரித்த விதத்தில் தனக்கு உள்ள ஆட்சேபங்களை வரிசையாக எழுதி அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார். ட்ரெவர் ஹோவர்ட் வந்தார். கின்னஸ் நடித்திருந்தால் மென்மையான ஒரு சாமியார் கிடைத்திருப்பார். ஹோவர்ட் கொடுத்தது கைத்தடியும் கரகரத்த குரலுமாக, தேவைப்பட்டால் கன்னத்தில் அறையவும் தயங்காத ஊர்ப் பெரியவரை. இரவு உடையோடு கடற்கரைப் பாறையில் போய் உட்கார்ந்திருக்கும் ஷாக்நெஸியைத் தேடி அவர் வரும் காட்சியில் எவ்வளவு கரிசனம்!

ஜூன் 11

கிர்ரேரியை செட் என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: செட்தான். ஆனால் கல்லில் கட்டிய செட்.

இடம், கெர்ரி மாவட்டத்தில் டிங்கிள் தீபகற்பத்தின் மேற்கு முனை. டன்குவின் ஊருக்கு மேலே மலைச்சரிவு. எதிரே கடலில் பிளாஸ்கெட் தீவுகள். அந்தத் தீவுகளில் வாழ முடியாமல் கடைசிக் குடும்பங்களும் 1953இல் கரையேறிவிட்டன. அட்லான்டிக் காற்று அப்படி. தட்டியும் பிளாஸ்டரும் வைத்துக் கட்டினால் ஒரு வாரம் நிற்காது. அதனால் உள்ளூர்க் கொத்தனார்களையும் தொழிலாளர்களையும் வைத்து நிஜக் கல்லால் ஒரு தெருவையே எழுப்பினார்கள். பப், தேவாலயம், தபால் நிலையம், வரிசையாக வீடுகள், தெருவில் பாவுகல். பள்ளிக்கூடத்தை மட்டும் தனியாகக் கடலைப் பார்த்தபடி இன்னொரு இடத்தில் கட்டினார்கள்.

படம் முடிந்ததும் ஊரை அங்குள்ளவர்களுக்கே கொடுத்துவிடும் பேச்சு நடந்தது. நிலம் பல பேருக்குச் சொந்தம். யாருக்கு எது என்று முடிவாகவில்லை. இடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தின் சுவர்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன, பார்க்க ஆட்கள் போகிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒன்றை விட மனசில்லை. படம் வெளிவந்த அதே 1970இல், பிள்ளைகள் குறைவு என்று டன்குவின் ஊரின் நிஜப் பள்ளிக்கூடத்தை அரசு மூடியது. அது ஐரிஷ் மொழி பேசும் பகுதி. பள்ளி போனால் மொழியும் போகும் என்று ஊர்க்காரர்கள் விடாமல் போராடித் தாங்களே வகுப்பை நடத்தினார்கள். 1973இல் பள்ளி மறுபடி திறந்தது. ஒரே ஊர். சினிமாவுக்காக ஒரு பள்ளி முளைக்கிறது, நிஜப் பள்ளிக்குப் பூட்டு விழுகிறது. லீன் மேல் இதில் ஒரு பழியும் இல்லை. ஆனால் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ஊர்க்காரர்களையும் பேச வேண்டும், அவர்கள் வெறும் கூட்டக் காட்சிக்கு நின்றவர்கள் அல்ல.

ஜூன் 14

இனி புயல்.

கதையில், ஜெர்மனியிலிருந்து வரும் ஆயுதப் பெட்டிகள் புயலில் கரை ஒதுங்குகின்றன. விடுதலைப் படைக்காரர்களுக்கு உதவ ஊர் மொத்தமும் அலைக்குள் இறங்கி அவற்றை இழுக்கிறது. திரையில் சில நிமிடங்கள். அதை எடுக்க மாதக்கணக்கில் ஆயிற்று, ஏனென்றால் லீனுக்கு நிஜப் புயல் வேண்டும். டன்குவின் பக்கத்துக் கூமினோல் கடற்கரையில் கொஞ்சம் எடுத்தார்கள். வடக்கே கிளேர் மாவட்டத்தில் பிரிட்ஜஸ் ஆஃப் ராஸ் என்ற பாறைக்கரையில் மீதி. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

ஓடிப்போய் நின்றாலும் கேமரா என்ன பார்க்கும்? காற்றோடு வரும் உப்புத் தண்ணீர் லென்ஸில் அறைந்தால் ஒரு நொடியில் எல்லாம் கலங்கிவிடும். துடைப்பதற்குள் அடுத்த அலை. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் இதற்குக் கப்பலிலிருந்து ஒரு யோசனையை எடுத்தார். கப்பல் ஓட்டும் அறையின் முன்கண்ணாடியில் வட்டமான ஒரு கண்ணாடித் தட்டு பதித்திருப்பார்கள். மோட்டார் அதை மிக வேகமாகச் சுழற்றும். விழுகிற துளி ஒட்ட நேரமில்லாமல் ஓரத்துக்கு விசிறப்பட்டுவிடும். நடுவில் எப்போதும் தெளிவு. அந்தத் தட்டை லென்ஸுக்கு முன்னால் பொருத்தினார். அதனால்தான் அந்தக் காட்சியில் நமக்கும் அலைக்கும் நடுவே எதுவுமே இல்லாதது போல இருக்கிறது. 70 எம்எம் ஃபிலிம், நுரையில் ஒவ்வொரு கீற்றும் தெரிகிறது. யங்குக்கு ஆஸ்கர் கிடைத்தது.

நடிகர்கள் பட்டது தனி. ரயனாக நடித்த லியோ மெக்கெர்ன் அலையில் சிக்கி மூழ்கப் பார்த்தார். இளம் வயதில் விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர் அவர். அந்த இடத்தில் வைத்திருந்த கண்ணாடிக் கண்ணும் கடலோடு போனது. இதை எல்லோரும் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. ரயன் யார் என்று யோசியுங்கள். ஆயுதம் வரும் செய்தியை ஆங்கிலேயரிடம் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். அந்தக் குற்றத்தோடுதான் அலைக்குள் பாய்கிறான். ஊரில் எல்லோரையும்விட அதிகமாகப் பாடுபடுகிறான், எல்லோரும் அவனை வாழ்த்துகிறார்கள். மெக்கெர்ன் தண்ணீரில் தடுமாறி எழுந்து மறுபடி இழுக்கும்போது அவர் முகத்தில் இருக்கும் வெறி வெறும் நடிப்பால் வருமா என்று தெரியவில்லை. தொட்டித் தண்ணீரில், மின்விசிறி வைத்து எடுத்திருந்தால் அந்தத் துரோகி நமக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

ஆனாலும் ஒரு நடிகரின் உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. காத்திருந்ததை ஆதரிக்கிறேன், இதை ஆதரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 15

“காசு போச்சே” என்று மறுபடி எழுதியிருக்கிறார் முதல் கேள்வி கேட்டவர். செலவு சுமார் 1.3 கோடி டாலர், வசூல் சுமார் 3 கோடி டாலர். நஷ்டப் படம் என்பது விமர்சகர்கள் திட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

ஜூன் 19

காத்திருப்பதைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குச் சொந்தக் காரணம் உண்டு.

கொஞ்ச காலம் உதவி இயக்குநராக இருந்தவன் நான். ஒரு படத்துக்கு மூடுபனி வேண்டுமென்று மலைக்குப் போனோம். போன நாளிலிருந்து நல்ல வெயில். ஹீரோ கால்ஷீட் முடியப் போகிறது. தயாரிப்பு நிர்வாகி வானத்தைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், இயக்குநரைப் பார்க்க மாட்டார். கடைசியில் புகை போட்டு எடுத்தோம். புகை முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை. எழுந்ததும் காற்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நிழல் மட்டும் கத்தி மாதிரி தரையில் விழுந்து கிடந்தது. பனிமூட்டத்தில் ஏது நிழல்? கன்டினியூட்டி நோட்டை வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அது கண்ணில் குத்தியது. சொன்னேன். “டிஐயில் பார்த்துக்கலாம்” என்றார்கள், அதாவது பிறகு கணினியில் நிறம் திருத்தும்போது. அடுத்த நாள் விடிகாலை, பேக்கப் ஆகி வண்டி இறங்கும்போது, வழியெல்லாம் பனி.

அந்தக் காட்சியை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியாது.

லீனும் எல்லாவற்றுக்கும் காத்திருந்தாரா என்றால் இல்லை. அயர்லாந்து வானம் கைவிட்டபோது கடற்கரைக் காட்சிகள் சிலவற்றுக்காகத் தென்னாப்பிரிக்கா போனார்கள், கேப்டவுன் பக்கத்து நூர்ட்ஹூக் கடற்கரைக்கு. காட்டில் நடக்கும் காதல் காட்சிக்கும் பருவம் கடந்துவிட்டது. ஒரு கூடத்துக்குள் மரமும் புல்லும் பூவுமாகக் காட்டையே வளர்த்து, பட்டாம்பூச்சிகளை விட்டுப் படமாக்கினார்கள். புயலை மட்டும் வேறு எங்கும் போய் வாங்க முடியவில்லை. எதற்குக் காத்திருக்க வேண்டும், எதைச் செய்துகொள்ளலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெயில், பூ, மணல் எல்லாம் எங்கேயும் கிடைக்கும்.

ஜூன் 20

ஜான் மில்ஸை மறந்துவிட்டேன் என்று கேட்டிருக்கிறார்கள். மறக்கவில்லை, என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். பேச முடியாத மைக்கேல் வேடம். பொய்ப்பல், கோணல் முகம், நொண்டல் நடை. துணை நடிகருக்கான ஆஸ்கரும் வாங்கினார். எனக்கு ஒப்பனை கொஞ்சம் அதிகம் என்றுதான் படும். ஆனால் ரோஸியைச் சுற்றி வந்தாலும் சரி, மேஜரைப் போல நடந்து காட்டினாலும் சரி, கதையில் வேறு யாருக்கும் தெரியாத உண்மை இவருக்கு மட்டும் முதலில் தெரிந்துவிடுகிறது. அதை வசனமே இல்லாமல் கொண்டுவந்தார்.

ஜூன் 23

நேற்று ராத்திரி படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 7ஆம் தேதி ஜோன்ஸைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

டோரியனும் ரோஸியும் முதலில் நெருங்கும் பப் காட்சி. உட்கார்ந்திருக்கும் மைக்கேல் குதிகாலால் பெஞ்சை உதைத்துக்கொண்டே இருக்கிறான். டக், டக், டக். அந்தச் சத்தம் டோரியன் காதில் பீரங்கியாக மாறுகிறது. அவன் நடுங்கத் தொடங்குகிறான், பதுங்குகுழியில் இருப்பவன் போலச் சுருண்டு விடுகிறான். இங்கே ஜோன்ஸிடம் நடிப்பென்று எதுவும் தெரியவில்லை, ஒரு பையன் பயந்து கிடக்கிறான், அவ்வளவுதான். ரோஸி ஏன் அவனிடம் போனாள் என்பது எனக்கு இந்தமுறைதான் உறைத்தது. வீரத்தைப் பார்த்துப் போகவில்லை.

பிராண்டோ இருந்திருந்தால் அந்த நடுக்கமே ஒரு பெரிய நடிகரின் கச்சேரியாகியிருக்கும். நாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்திருப்போம். மிட்சமின் அடக்கத்தைக் கவனிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? ஆக, அந்த வெற்று முகத்தால் மிட்சமுக்கு இடம் கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன். காதல் காட்சிகள் சூடில்லாமல்தான் இருக்கின்றன, அதில் மாற்றமில்லை.

ஜூன் 30

அதற்குப் பிறகு லீனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு.

நியூயார்க்கில் அல்கான்குவின் ஹோட்டலில் விமர்சகர்கள் சந்திப்பு ஒன்றுக்கு அழைத்தார்கள். போனார். பாலின் கேல், ரிச்சர்ட் ஷிக்கல் எல்லோரும் இருந்தார்கள். ‘பிரீஃப் என்கவுன்டர்’ எடுத்த மனிதர் இப்படி ஒரு குப்பையை எப்படி எடுத்தார் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவரை விருந்தாளியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் செய்த வேலை இது. படத்தைத் திட்டுவது அவர்கள் தொழில். இது தொழில் இல்லை. அடுத்த படம் வர 14 ஆண்டுகள் ஆயின. நடுவில் பவுன்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் நடந்த கலகத்தைப் பற்றி போல்ட்டோடு சேர்ந்து திட்டமிட்ட படங்களும் கைகூடவில்லை.

அந்த அடுத்த படம் நமக்குத் தெரிந்த இடத்துக்கு வந்தது. 1984இல் ‘எ பாசேஜ் டு இந்தியா’. பெங்களூரு பக்கம் பெரும்பகுதி எடுத்தார்கள். குகைகளைப் பார்க்கப் போகும் ரயில் பயணத்துக்கு நம் நீலகிரி மலை ரயில். பள்ளத்தாக்குக்கு மேலே பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு விக்டர் பானர்ஜி சிரிப்பாரே, அதுவும் தந்திரக் காட்சி இல்லை. குன்னூர்ப் பக்கத்து மலைப்பாதையில் போனவர்களுக்கு அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

ஆள் தேர்வு? பாதிரியாராக வர மாட்டேன் என்ற அலெக் கின்னஸ் இந்தப் படத்துக்கு வந்தார், பேராசிரியர் கோட்போலே என்ற பிராமணராக. முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு. இந்தியாவில் எடுத்த படம், எத்தனை அருமையான இந்திய நடிகர்கள் இருந்தார்கள்! மிட்சமை ஆசிரியராகப் பார்த்த அதே கண் இங்கே எப்படிக் குருடாயிற்று என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. கின்னஸின் நடனக் காட்சியையும் பிறகு வெட்டிவிட்டார்கள், அதில் அவருக்கும் லீனுக்கும் மனக்கசப்பு. அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதானால் தனியாகப் பேசுவோம். சண்டை போட நிறைய இருக்கிறது.